போல்ட்டைப் பூட்டினால் தானாகவே "டக்": புது ட்ரிகர் மாட்டிய .22 ரைஃபிளில் சிக்கல்

பாலக்கோடு_22 | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது செக் நாட்டில் செய்த .22 போல்ட் ரைஃபிள், அதாவது போல்ட் என்கிற தண்டைக் கையால் தள்ளிப் பூட்டுவது. 50 மீட்டர், படுத்துச் சுடுவது மட்டும்தான். அதோடு வந்த ட்ரிகரைத் தொங்குதராசில் மாட்டி இழுத்தால் 1,400 கிராம் காட்டும். கனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாதி வழியில் ஒரு நறநறப்பு வருமே, அதுதான் பிடிக்கவில்லை. மணலில் கட்டையை இழுக்கிற மாதிரி. எப்போது விடும் என்று விரலுக்குத் தெரியாது.

லைசென்ஸ் உள்ள டீலர் மூலமாக ஓர் அமெரிக்க ட்ரிகர் வாங்கினேன். ஒரே கட்டம், மூன்று திருகு. போன வாரம் சேலம் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருக்கும் ரிப்பேர்காரர் ஒருவரிடம் கொடுத்து மாட்டினேன். ஸ்டாக்கில் (ரைஃபிளின் மரக்கட்டையில்) பூட்டுவதற்கு முன்னால் கையில் வைத்துப் பார்த்தோம். 600 கிராம். காய்ந்த வேப்பங்குச்சி முறிவது போல ஒரே முறிவு. இரண்டு பேருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. ஸ்டாக்கில் பூட்டி, இரண்டு மூன்று தடவை சும்மா இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தொப்பூர் கணவாய் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

இன்று துடைத்துக்கொண்டிருந்தேன். மேகசின் வெளியே, சேம்பர் (தோட்டா உட்காரும் இடம்) காலி, கண்ணால் பார்த்தாகிவிட்டது. போல்ட்டைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளிப் பூட்டினேன். "டக்". விரல் ட்ரிகர் பக்கமே போகவில்லை, ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கிற ஊசி) தானாக விழுந்துவிட்டது. மறுபடி செய்தேன். பத்தில் மூன்று தடவை விழுகிறது. மெதுவாகப் பூட்டினால் ஒரு தடவைகூட விழவில்லை.

கனம் குறைந்துபோனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கனத் திருகை இரண்டு சுற்று ஏற்றினால் சரியாகிவிடுமா? சாவி என்னிடம் இருக்கிறது.

---

ஓசூர்_டூல்ரூம் | ஞாயிறு, இரவு 9.31

தம்பி, சாவியைக் கீழே வையுங்கள். ரைஃபிளையும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள். இது தீருகிறவரை ரேஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டாம், "மெதுவாகத்தானே பூட்டப்போகிறேன்" என்று ஒரு ரவுண்டு போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

கனம் வேறு, பிடிப்பு வேறு. நிறைய பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: சியர் என்கிற சின்ன இரும்புத் துண்டு ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தச் சியர் கீழே சரியாமல் ட்ரிகரின் ஓர் உதடு தாங்குகிறது. உதட்டின் மேல் சியர் எவ்வளவு தூரம் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் பிடிப்பு. ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. கனத் திருகு ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கும், இந்தப் பிடிப்பைத் தொடாது. இரண்டு கிலோ கனம் வைத்தாலும் பிடிப்பு மயிரிழையாக இருந்தால் அதிர்ச்சியில் நழுவும். 300 கிராம் வைத்தாலும் பிடிப்பு ஒழுங்காக இருந்தால் நிற்கும். திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கனமான போர்வை போர்த்தினால் விழாமல் இருப்பாரா? உள்ளே தள்ளி உட்கார வேண்டும்.

மூன்று திருகில் ஒன்று கனம், ஒன்று பிடிப்பு. மூன்றாவது, குண்டு போன பிறகு ட்ரிகர் எவ்வளவு தூரம் பின்னால் ஓடலாம் என்பதற்கு. நறநறப்பு பிடிக்காதவர்கள் பிடிப்பைக் குறைத்துக்கொண்டே போவார்கள். குறையக் குறைய முறிவு சுத்தமாக வரும். சுகமாக இருக்கும். ஒரு கட்டத்தில் இப்படி விழ ஆரம்பிக்கும்.

அமெரிக்கச் சரக்கு என்கிறீர்கள், அதனால் இன்னொன்று. திருகுத்தலை அங்குல அளவில் இருக்க வாய்ப்பு அதிகம். நம் பட்டறையில் எடுத்தவுடன் கைக்கு வருவது 1.5 மி.மீ. அலன் கீ. பதினாறில் ஒரு அங்குலம் என்றால் 1.59 மி.மீ. உள்ளே போகும், சுற்றவும் சுற்றும், இரண்டு மூன்று தடவையில் அறுகோணம் உருண்டையாகிவிடும். அப்புறம் அந்தத் திருகை எடுக்க டிரில்தான். கடுகளவு திருகுக்கு டிரில் போடுகிற கொடுமையை எங்கள் டூல்ரூமில் நிறைய பார்த்திருக்கிறேன்.

இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஸ்டாக்கிலிருந்து வெளியே எடுத்த நிலையில் விழுகிறதா? ஸ்டாக்கைப் பூட்டுகிற திருகுகளில் பின்பக்கத் திருகை லேசாகத் தளர்த்தினால் விழுகிறதா?

---

தேன்கனிக்கோட்டை_மலை | ஞாயிறு, இரவு 10.05

கோபிக்க வேண்டாம். கம்பெனி ட்ரிகரில் என்ன குறை? எங்கள் பக்கம் பெரியவர்கள் நாட்டுத் துப்பாக்கியில் குதிரையைப் பெருவிரலால் இழுத்து வைத்துக் காட்டுப்பன்றியை விரட்டிய காலத்தில் கனத்தையும் கிராமையும் யார் பார்த்தார்கள்? ட்ரிகருக்குப் போட்ட காசில் பத்துப் பெட்டி ரவுண்டு வாங்கியிருந்தால் பாயிண்ட் தானாக ஏறியிருக்கும். காசைக் கொடுத்து வில்லங்கத்தை வாங்கியிருக்கிறீர்கள்.

---

கிருஷ்ணகிரி_கோச் | திங்கள், காலை 6.20

மலை சொல்வதில் பாதி நியாயம். பாதிதான். காட்டுப்பன்றி ஓர் ஆள் அகலம். 50 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்தாவது வளையம் 10.4 மி.மீ. குறுக்களவு, ஒரு சுண்டுவிரல் நகம் அளவு. விரல் பின்னால் வரும்போது கட்டை ஒரு நூல் ஆடினாலும் பத்து ஒன்பதாகிவிடும். நல்ல ட்ரிகர் பாயிண்ட் கொடுக்காது. சுடுகிறவன் செய்த தவறை அவனுக்கே மறைக்காமல் காட்டும், அவ்வளவுதான். நறநறக்கிற ட்ரிகரில் தவறு யாருடையது என்றே தெரியாது.

ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளில் ட்ரிகர் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களை முதலில் ஆயிரம் தடவை காலி இழுப்பு இழுக்கச் சொல்வேன். திரும்பி வந்து கேட்பவர்கள் பாதிப்பேர்தான்.

காலி இழுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. .22 தோட்டாவில் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது, அதனால் பின் நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடிக்கும். தோட்டா இல்லாமல் இழுத்தால் சில ரைஃபிள்களில் பின் நேராகச் சேம்பர் வாயின் ஓரத்தில் போய் மோதும். நாளாக நாளாக அங்கே ஒரு பள்ளம், அப்புறம் சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வராது. உங்கள் ரைஃபிளின் கையேடு காலி இழுப்புக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் டம்மி ரவுண்டு (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டுக்கொள்வது நல்லது. ஹார்டுவேர் கடையில் சுவரில் திருகு போட விற்கிற பிளாஸ்டிக் ரால் பிளக்கில், விளிம்பு உள்ளதாகப் பார்த்துச் செருகுகிறவர்களும் உண்டு. பத்து இருபது அடிக்கு ஒன்று மாற்ற வேண்டும். உண்மையான ரவுண்டுடன் கலந்துவிடாத நிறமாக வாங்குங்கள். இந்தச் சோதனை நடக்கிற அறையில் உண்மையான ரவுண்டே இருக்கக் கூடாது.

---

அரூர்_வக்கீல் | திங்கள், காலை 10.48

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலக்கோட்டுக்காரர் டீலர் வழியாக வாங்கினேன், லைசென்ஸ் உள்ளவரிடம் மாட்டினேன் என்கிறார். சரியான வழி அதுதான். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் "துப்பாக்கி" என்ற சொல்லின் விளக்கத்துக்குள் அதன் பாகங்களும் அடங்கும். வெளிநாட்டு இணையதளத்தில் செருப்பு வாங்குவது மாதிரி ட்ரிகரைக் கார்ட்டில் போட்டு பார்சலுக்குக் காத்திருந்தால் கஸ்டம்ஸிலிருந்து கடிதம் வரும். ரிப்பேர், மாற்றியமைத்தல் இரண்டுக்கும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவில் லைசென்ஸ் கேட்கிறது. அதனால் "நானே பார்த்துக்கொள்கிறேன், யூடியூபில் இருக்கிறது" என்ற பேச்சு வேண்டாம்.

ஓசூர், பாகலூர் பக்கத்துக்காரர்கள் பெங்களூரு கிட்டத்தில்தானே என்று ரைஃபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். லைசென்ஸில் எந்த எல்லைவரை செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் அத்திப்பள்ளி தாண்டக் கூடாது.

---

காவேரிப்பட்டினம்_ஏர்கன் | திங்கள், மதியம் 1.15

அண்ணா, நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஆறு மாதம்தான் ஆகிறது. ட்ரிகர் இத்தனை கிராமுக்குக் கீழே போகக் கூடாது என்று போட்டியில் விதி இருக்கிறதா? ஒருவர் 500 என்கிறார், இன்னொருவர் ஒன்றரைக் கிலோ என்கிறார்.

---

கிருஷ்ணகிரி_கோச் | திங்கள், மதியம் 2.02

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், உனக்கு அல்ல. 500 கிராம் ஏர் பிஸ்டலுக்கு. ஒன்றரைக் கிலோ, அதாவது 1,500 கிராம், 300 மீட்டர் ஸ்டாண்டர்ட் ரைஃபிளுக்கு. 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000. 10 மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் 50 மீட்டர் ரைஃபிளுக்கும் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) குறைந்தபட்சக் கனம் வைக்கவில்லை. அதனால்தான் பெரிய ஆட்கள் நூறு கிராமுக்கு அருகே வைத்துச் சுடுகிறார்கள். நீ அதைப் பார்த்து ஆசைப்படாதே. இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டத்தை இழுத்து நிறுத்தி, இரண்டாவதில் விரல் சுவரில் முட்டுவது தெரிய வேண்டும். ஆறு மாதத்தில் அந்தச் சுவர் தெரிந்தாலே போதும்.

கனம் பார்க்க தராசு இல்லையென்றால்: காலி ரைஃபிள், பேரல் நேராக வானத்தைப் பார்க்க ஒருவர் பிடிக்க வேண்டும். ட்ரிகரின் நடுவில் கம்பிக் கொக்கி, அதில் ஒரு தண்ணீர் பாட்டில். தரையிலிருந்து மெதுவாகத் தூக்கு. விழவில்லையா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்று. விழுந்ததும் கொக்கியோடு பாட்டிலை மளிகைக்கடைத் தராசில் வை. ஒரு மில்லி ஒரு கிராம் என்று ஊற்றும்போதே கணக்கு ஓரளவு தெரிந்துவிடும். ஐந்து தடவை செய்து பார், ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். ஒரு தடவை 600, அடுத்து 750 என்று தாவினால் கனத்தை விடு, உள்ளே ஏதோ உரசுகிறது.

---

பாலக்கோடு_22 | திங்கள், இரவு 8.40

டூல்ரூம் அண்ணா, நீங்கள் கேட்டதைச் செய்தேன். ஸ்டாக்கிலிருந்து கழற்றுவது வழக்கமாகத் துடைக்கும்போது செய்கிற வேலைதான். எந்தத் திருகையும் தொடவில்லை.

வெளியே எடுத்து டம்மி போட்டு, முப்பது தடவை அடித்துப் பூட்டினேன். ஒரு தடவைகூட விழவில்லை. ஸ்டாக்கில் வைத்து முன் திருகை மட்டும் இறுக்கினேன், விழவில்லை. பின் திருகை இறுக்கியதும் பத்தில் நான்கு.

கோச் சார் சொன்ன பாட்டிலும் பார்த்தேன். வெளியே: 610, 600, 605. உள்ளே: 640, 720, 590.

பின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுச் சுடலாம் போலிருக்கிறதே?

---

ஓசூர்_டூல்ரூம் | திங்கள், இரவு 9.05

கூடவே கூடாது. தளர்ந்த ஸ்டாக்கில் குண்டுகள் ஓரிடத்தில் விழாமல் சிதறும் என்பது ஒரு பக்கம். சுடச் சுட அந்தத் திருகு எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் பாருங்கள், நோய் தெரிந்துவிட்டது. நானும் நேற்று பிடிப்பைத்தான் சந்தேகப்பட்டேன், அது பாதிதான் சரி. ட்ரிகரில் குறை இல்லை. கட்டை இடிக்கிறது. பழைய ட்ரிகர் பெட்டியை (ட்ரிகர் பாகங்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டை) விடப் புதியது அகலமாகவோ நீளமாகவோ இருக்கும், சேஃப்டி நெம்புகோலும் வேறு இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பெனிக்காரன் பழைய பெட்டிக்குத்தான் கட்டையில் குழி வெட்டியிருக்கிறான். பின் திருகை இறுக்கும்போது மொத்தமும் கீழே இறங்கி, எங்கோ ஓரிடத்தில் ட்ரிகரையோ அதன் பெட்டியையோ பக்கவாட்டில் நெருக்குகிறது. ஒரு தடவை இழுத்து விட்ட பிறகு ட்ரிகர் முழுதாகத் தன் இடத்துக்குத் திரும்பி வருவதில்லை. உதடு முக்கால்வாசி வந்து நின்றுவிடும், சியர் நுனியில் உட்காரும். மெதுவாகப் பூட்டினால் தாங்கும், அடித்துப் பூட்டினால் நழுவும். கனம் தாவுவதும் அதனால்தான்.

எங்கே இடிக்கிறது என்று பார்க்க எங்களிடம் நீல மை இருக்கிறது. ஒரு பாகத்தில் தடவி இன்னொன்றில் பொருத்தி எடுத்தால் தொட்ட இடம் நீலமாகத் தெரியும். உங்கள் வீட்டில் அது இருக்காது. கண்மை இருக்குமா? ட்ரிகர் பெட்டியின் இரண்டு பக்கமும், சேஃப்டி மேலும், விரலால் மெல்லிசாகத் தடவுங்கள். ட்ரிகரின் உள்ளே போகக் கூடாது. ஸ்டாக்கில் வைத்து இரண்டு திருகையும் இறுக்கி, கழற்றி, குழியின் சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள்.

---

பாலக்கோடு_22 | திங்கள், இரவு 10.22

கிடைத்துவிட்டது அண்ணா!

இடது பக்கச் சுவர், சேஃப்டிக்குச் சற்றுக் கீழே, புளியங்கொட்டை அளவு கருப்புக் கறை. மர நார் பளபளவென்று அமுங்கியிருக்கிறது. வலது பக்கம் துளிக் கறை இல்லை. அதாவது பெட்டியை வலப்பக்கமாகத் தள்ளுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன தேர்தலுக்கு ரைஃபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தேன். திரும்பி வந்தபோது மழைக்காலம், கட்டை கொஞ்சம் பருத்த மாதிரிதான் இருந்தது. மேகசின் குழிகூட இறுக்கமாக இருந்தது. அது காரணமாக இருக்குமா?

---

ஓசூர்_டூல்ரூம் | திங்கள், இரவு 10.40

இருக்கலாம். மரம் ஈரம் குடித்தால் நாருக்குக் குறுக்கே பருக்கும், குழியின் சுவர் பெட்டியை நெருக்கலாம். எப்படியிருந்தாலும் இடம் விட வேண்டும். இறுகத் தொட்டுக்கொண்டு நிற்பது முன்னாலும் பின்னாலும் இருக்கும் தாங்கல் மட்டும்தான், ட்ரிகர் பெட்டி எதையும் தொடக் கூடாது. சுற்றிலும் அரை மில்லிமீட்டர், ஒரு தடித்த விசிட்டிங் கார்டு தடையில்லாமல் நுழைகிற அளவு.

ரிப்பேர்காரரிடமே கொண்டுபோங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது: கறை பட்ட இடத்தை மட்டும் ஐஸ் குச்சியில் உப்புத்தாள் ஒட்டித் தேய்க்க வேண்டும். உளி வேண்டாம். தேய்த்த இடத்துக்கு ஒரு கோட் வார்னிஷ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கு மறுபடி பருக்கும்.

அங்கே இருக்கும்போதே பிடிப்பையும் கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். முதலில் லேசாகக் க்ரீப் (முறிவுக்கு முன் ட்ரிகர் ஊர்கிற ஊர்வு) தெரிகிறவரை பிடிப்பைக் கூட்டி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்றாகக் குறைத்து வர வேண்டும். திருகு எம்3 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று 0.5 மி.மீ. எட்டில் ஒரு சுற்று என்பது 60 மைக்ரான் சொச்சம். கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும், மொத்தப் பிடிப்பே அரை மில்லிமீட்டருக்குள் என்றால் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுத்தமான முறிவு கிடைத்ததும் அங்கேயே நிறுத்தக் கூடாது, ஒரு எட்டில் ஒரு பங்கு பிடிப்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். அந்தத் துளிக் க்ரீப் உங்கள் காப்பு.

சியர் முகத்தை யாராவது கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறேன் என்றால் ரைஃபிளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மேலே மட்டும் கடினப்படுத்திய இரும்பாக இருந்தால் அந்தத் தோல் போனதும் உள்ளே இருப்பது வெண்ணெய்.

கடைசியில் திருகு தானாகத் தளராமல் இருக்க லாக்டைட் 222 பசை, ஊதா நிறம், சின்னத் திருகுக்கானது. சிவப்பு போட்டால் அடுத்த தடவை சூடு காட்டித்தான் எடுக்க வேண்டும். ஊசி முனையில் ஒரு துளி, வழிந்து சியர் பக்கம் போகக் கூடாது. 24 மணி நேரம் காய விட வேண்டும்.

---

தேன்கனிக்கோட்டை_மலை | செவ்வாய், காலை 7.50

கண்மையில் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிற ஊர் நம் ஊர்தான். இருந்தாலும் ஒத்துக்கொள்கிறேன், நான் கம்பெனி ட்ரிகர் கட்சி என்றாலும் இதில் ட்ரிகர் மேல் பழி போட முடியாது.

---

கிருஷ்ணகிரி_கோச் | செவ்வாய், காலை 8.15

வேலை முடிந்ததும் அங்கேயே, ஸ்டாக்கில் பூட்டிய நிலையில், சேம்பரில் டம்மியோடு, அவர் கண் முன்னாலேயே செய்துவிட்டு வாருங்கள். போன தடவை இதைத்தான் விட்டுவிட்டீர்கள். ஸ்டாக்குக்கு வெளியே பார்த்தது கணக்கில் வராது.

முப்பது தடவை போல்ட்டை வேகமாக அடித்துப் பூட்ட வேண்டும். ஃபயரிங் பின் விழாமல் நிற்க வேண்டும். அடுத்து சேஃப்டியைப் போட்டு ட்ரிகரைப் பலமாக இழுத்து விடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். எடுக்கும்போது விழுந்தால் அதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அப்போது யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். மூன்றாவது, ரப்பர் சுத்தியால் கட்டையின் பின்புறம், இரண்டு பக்கம் என்று தட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் ட்ரிகரை இழுத்து, பின் உண்மையிலேயே நின்றிருந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ரேஞ்சில் முதல் பத்தும் ஒற்றை ஒற்றையாக. மேகசின் வேண்டாம்.

---

பாலக்கோடு_22 | சனி, இரவு 9.30

வியாழக்கிழமை போய்வந்தேன். ரிப்பேர்காரர் கறையைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. "ஸ்டாக்கில் பூட்டிய பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டும்" என்று அவரே சொன்னார், கூலி வாங்க மறுத்துவிட்டார். டீக்காசு மட்டும் நான் கொடுத்தேன்.

தேய்க்க இருபது நிமிடம். மூன்று தடவை கண்மை தடவி வைத்துப் பார்த்தோம். இரண்டாவது தடவையில் கறை சின்னதாகி சேஃப்டி நெம்புகோலுக்கு நேரே வேறோர் இடத்தில் வந்தது, அதையும் எடுத்தார். மூன்றாவது தடவை சுவர் சுத்தம்.

பிடிப்புத் திருகைத் திருப்பிப் பிடிப்பைக் கால் சுற்று கூட்டி, எட்டில் ஒரு பங்கு குறைத்தார். சாவி விஷயம் டூல்ரூம் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. அவரிடம் இருந்த 1.5 லொடலொடவென்று ஆடியது, ட்ரிகரோடு வந்த சாவியை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கனத்தையும் 750க்கு ஏற்றச் சொன்னேன். 600 எனக்கு இன்னும் சீக்கிரம்.

லாக்டைட் காய ஒரு நாள் அங்கேயே இருந்தது. நேற்று போய் முப்பது அடி, சேஃப்டி, சுத்தி எல்லாம் பார்த்தோம். ஒரு தடவைகூட விழவில்லை. பாட்டில் கணக்கு ஸ்டாக்கில் பூட்டியே: 755, 750, 750, 760, 755.

இன்று காலை ரேஞ்சில் ஒற்றை ஒற்றையாக நாற்பது. முதல் பத்தில் இரண்டு எட்டு. இரண்டும் என் விரல் பக்கவாட்டில் இழுத்தது, இழுக்கும்போதே தெரிந்தது.

வீட்டில் கண்மை டப்பா காலி. புதிது வாங்கி வைத்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

---

ஓசூர்_டூல்ரூம் | சனி, இரவு 9.44

நல்லது தம்பி. மழை ஆரம்பித்ததும் ஒரு தடவை கழற்றி, விசிட்டிங் கார்டு இன்னும் சுற்றிலும் நுழைகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.